உப்பு படியாத இடம்

எங்கள் வீட்டு போர் தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் அடியில் கிடக்கும் ஒற்றைத் தலைமுடிகூடத் தெரியும். காய்ந்த பிறகுதான் அதன் குணம் வெளியே வரும். குளியலறைக் குவளையின் விளிம்பில், குழாயின் மூக்கில், கொடியில் காயும் கறுப்புத் துணியில், என் கொலுசின் இடுக்குகளில் என்று எல்லாவற்றிலும் ஒரு வெள்ளை ஏறியிருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். நாக்கில் வைத்தால் கரிக்காது, சுண்ணாம்பு போல ஒட்டிக்கொள்ளும். வைத்துப் பார்த்திருக்கிறேன். மகள் அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குப் போகக்கூடியது எதுவும் முதலில் என் வாய்க்குப் போகவேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த ஒரு மனைப்பிரிவில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாற்பது மனைகள், நான்கு வீடுகள். மற்ற மனைகளில் கற்கள் மட்டும் நட்டிருந்தார்கள். கணவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் சூப்பர்வைசர். கம்பெனி வேனில் போவார், கம்பெனி வேனில் வருவார். பகலில் மூன்று ஆலைகளின் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதி அடங்கும். அதன் பிறகு தெருவில் யாரும் இல்லை என்பது இன்னும் நன்றாகத் தெரியும். வடக்கிலிருந்து காற்று அடித்தால் காய்ந்த இரும்பு வாசனை வரும்.

கார் வாங்கியது மகளுக்காக. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு பிற்பகல் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கணவர் ஷிப்டில் இருந்தார். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து நெடுஞ்சாலைக்குப் போனேன். அன்று எதுவும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஆவணி மாதத்தில் திருவள்ளூர் புரோக்கர் ஒருவர் மூலம் ஒரு பழைய சின்ன கார் வந்தது. நானும் ஓட்டக் கற்றுக்கொள்வதாகப் பேச்சு. கருநீலம். நான்தான் அந்த நிறம் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். வெள்ளைக் காராக வாங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காதோ என்று இன்றும் நினைப்பதுண்டு.

வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, முன்சக்கரத்துக்கு எதிரில் ஊதுவத்தி ஏற்றுவது என் வேலை. யாரும் அதை என்மேல் சுமத்தவில்லை. வீட்டில் ஒரு வண்டி இருந்தால் வெள்ளிக்கிழமை அதற்குச் செய்யவேண்டியதைச் செய்யவேண்டும் என்று நானே எடுத்துக்கொண்டேன். மகளுக்கும் அன்றுதான் எண்ணெய்க் குளியல். காய்ச்சிய நல்லெண்ணெயைத் தலைமுதல் உள்ளங்கால்வரை தேய்த்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். அந்த நேரத்தில் அவளைத் தரையில் விட முடியாது, தவழ்ந்து மண்ணையெல்லாம் அப்பிக்கொள்வாள். அதனால் பழைய துண்டில் சுற்றி இடது இடுப்பில் வைத்துக்கொள்வேன். வலது கையில் ஹோஸ் பைப். இப்படித்தான் கார் கழுவுதல் நடந்தது. பானெட்டுக்கும் கதவுகளுக்கும் ஷாம்பு. கண்ணாடிகளுக்குத் தண்ணீர் மட்டும், ஷாம்பு பட்டால் மங்கிவிடும் என்று கணவர் சொல்லியிருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை பத்து மணி வெயிலில் கழுவினேன். தகடு சுட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம். கார் முழுக்க ஆயிரக்கணக்கான வளையங்கள். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டிக்கு அம்மை போட்டுக்குதா?"

"வீட்ல கொழந்தைய வெச்சிக்கினு அந்த வார்த்தைய சொல்லாதீங்க."

"வண்டிக்குத்தான சொன்னேன்."

"வண்டிக்கும் சொல்லாதீங்க."

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். கடின நீரைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இருக்கும் செந்நிறம் நீலமாக மாறும் கணத்துக்காகக் கண் இமைக்காமல் நின்றிருக்கிறேன். தண்ணீர் ஆவியாகும், அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை. கழுவி முடித்து, மகளைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்கவைத்தேன். நான்கு மணிக்குக் கொடியில் துணி எடுக்க வெளியே வந்தேன். வெயில் சாய்ந்து காரின் இடது பக்கம் விழுந்துகொண்டிருந்தது. பின்கதவுக் கண்ணாடியில் வழக்கம்போல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு கை.

யாரோ வெள்ளையால் வரைந்த கை அல்ல. அதற்கு நேர்மாறு. சுற்றிலும் உப்பு படிந்திருந்தது, கை இருந்த இடத்தில் மட்டும் படியவில்லை. கண்ணாடி அங்கே கறுப்பாக, சுத்தமாக இருந்தது. உள்ளங்கை, நான்கு விரல்கள், சற்றுத் தள்ளிக் கட்டைவிரல். குழந்தையின் கை. உள்ளே பார்ப்பதற்காகக் கண்ணாடியில் சாய்ந்து கை ஊன்றினால் எப்படி இருக்குமோ அப்படி.

கதவைத் திறந்து உட்பக்கம் தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை. வெளிப்பக்கம் தேய்த்தேன். கலைந்தது. அப்படியென்றால் வெளியே நின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'நின்றிருக்கிறார்கள்' என்றோ 'நின்றிருக்கிறான்' என்றோ மனத்தில் வரவில்லை. 'நின்றிருக்கிறது' என்றுதான் வந்தது.

தெருவைப் பார்த்தேன். மனைக் கற்கள். ஒரு காக்கை.

அடுத்த வாரம் முழுக்கத் தினமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கழுவிக் காய்ந்ததும் மறுபடி வந்தது. அதே கண்ணாடி, கிட்டத்தட்ட அதே இடம். அதற்கடுத்த வெள்ளியும் வந்தது. கணவர் ஒரு முறை கழுவினார், ஞாயிற்றுக்கிழமை. கதவுக்குப் போட்ட ஷாம்புத் துணியாலேயே கண்ணாடியையும் தேய்த்துவிட்டார். புள்ளிகள் வந்தன, கை வரவில்லை. அவர் கழுவினால் வராதது நான் கழுவினால் வருகிறது. மற்ற நாளில் வராதது வெள்ளிக்கிழமை வருகிறது. இதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று மூன்று நாள் யோசித்துக் கடைசியில் சொன்னேன்.

"ஏதாவது பசங்க வெச்சிருக்கும்," என்றார் அவர்.

"எந்தப் பசங்க? இந்தத் தெருவுல பசங்க எங்க இருக்கு?"

"அப்ப கண்ணாடி தொடைக்காம உட்டுட்ட. நீயே தொட்டிருப்ப."

என் கையை விரித்துக் காட்டினேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டு மனை தள்ளி இருந்த வீட்டு அக்காதான் அதை என்னோடு பார்த்த இன்னொரு ஆள். பள்ளிப்பட்டுப் பக்கத்தவர். பாதித் தெலுங்கு, பாதி கேலி. புரட்டாசியில் ஒரு மாலை நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா பொண்ணே, கண்ணாடிலயே நின்னுக்கினு கீற. உன் மூஞ்சி இன்னா சினிமா போஸ்டரா?"

நான் விரலால் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். கேலி நின்றுவிட்டது.

"கொழந்த கைதான் இது."

"ஆமாக்கா."

"ஒன் பொண்ணா?"

"இவளுக்கு நிக்கவே வராதேக்கா. இது எவ்வளவு ஒசரம் பாருங்க. என் நெஞ்சு வரைக்கும் இருக்குது."

"அஞ்சு வயசுப் புள்ள கையத் தூக்கி வெச்சா இந்த ஒசரம் வரும்," என்றார் அக்கா. மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "ஆனா கை அஞ்சு வயசுப் புள்ளையோடது இல்ல. சின்னது," என்றார்.

உயரம் பெரிய குழந்தைக்கு உரியது, கை சின்னக் குழந்தைக்கு உரியது. நானும் அதைக் கவனித்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன். இடுப்பில் இருந்த மகளின் கையைப் பிடித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அளக்காத. கொழந்தைய அளந்தா வளராது. அதுவும் இன்னான்னே தெரியாத கையோட வெச்சா அளப்பாங்க?"

என் அம்மாவும் இதைச் சொல்வார். தூங்கும் குழந்தையை முழம்போட்டுப் பார்க்கக்கூடாது, தலைக்கு நூல் பிடிக்கக்கூடாது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"செகண்டான்டு வண்டி," என்றார் அக்கா, போகும்போது. "ஓட்டிக்கினு இருந்தவங்க ஊட்ல இன்னா நடந்துச்சோ, யாருக்குத் தெரியும். கேட்டு வாங்க வாணா?"

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. இந்தக் கார் என் குழந்தைக்கு நல்லதா? அவளைக் காப்பாற்ற வாங்கிய வண்டியில் அவளை உட்காரவைக்கலாமா?

புரோக்கரிடமிருந்து பழைய உரிமையாளரின் எண்ணை வாங்கினேன். வேப்பம்பட்டில் இருந்தார், வயதானவர். கணவர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிய ஒரு காலையில் அவருடைய செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். வண்டியின் சர்வீஸ் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன். பிறகு கேட்டேன்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா?"

எதிர்முனையில் சத்தமே இல்லை. எங்கோ ரயில் போவது கேட்டது.

"இல்லம்மா. எங்களுக்குக் கொழந்தைங்க இல்ல," என்றார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

"உங்களுக்கு இருக்குதா?"

"ஒரு பொண்ணு."

"நல்லா பாத்துக்கோங்க. பின்னாடி சீட்ல தனியா உடாதீங்க. அந்த இடது பக்கக் கதவு லாக் கொஞ்சம் லூசு."

எந்த மனிதரும் சொல்லக்கூடிய வார்த்தைகள்தான் இவை. வயதானவர், அக்கறையாகச் சொன்னார். ஆனால் அவர் அந்த இடது கதவைச் சொன்னதை நான் நூறு தரம் எனக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். குழந்தைகள் 'இல்லை' என்று சொன்னாரா, 'இப்போது இல்லை' என்று சொன்னாரா? 'இல்லை' என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கு முன் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்?

அதன் பிறகு நான் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் காரைச் சுத்தமாக வைப்பதுபோல் இருந்திருக்கும். உள்ளுக்குள் ஒரே நோக்கம்தான். புள்ளிகள் விழாவிட்டால் கையும் தெரியாது.

வெயிலில் கழுவுவதை நிறுத்தினேன். காலை ஏழு மணிக்கு, வீட்டின் நிழல் காரின்மேல் இருக்கும்போதே ஆரம்பித்தேன். தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். முழுக் காரையும் ஒரே மூச்சில் நனைப்பதை விட்டேன். முதலில் கூரை, அதைத் துடைத்த பிறகு பானெட், பிறகு ஒவ்வொரு கதவாக. ஒரு பக்கம் நனைந்திருக்கும்போது இன்னொரு பக்கத்தைத் தொடுவதில்லை. துடைக்க ஸ்பாஞ்ச் உதவாது, தண்ணீரை இழுப்பதுபோல் இழுத்துவிட்டுக் கடைசியில் ஒரு கோடு விட்டுப்போகும். பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட கணவரின் பழைய வேட்டிதான் சரி. ஒரு வேட்டியை நான்காகக் கிழித்தேன். முதல் துண்டு தண்ணீரை வாங்க, இரண்டாவது ஈரத்தை வாங்க. ஏற்கெனவே பிடித்திருந்த புள்ளிகளுக்குப் புளி தேய்த்துப் பார்த்தேன், பலனில்லை. எலுமிச்சை தேய்த்து, கழுவ மறந்துவிட்டதில் பானெட்டில் ஓர் இடம் மங்கிப்போனது. கணவர் அதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் வழி காட்டியது மழை. ஐப்பசி மழை மாடியிலிருந்து இறங்கும் குழாயில் கொட்டியது. எல்லா வீட்டிலும்போல எங்கள் வீட்டிலும் மழைநீர்த் தொட்டிக்குக் குழாய் வைத்திருந்தார்கள். நான் அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்து, மேலே துணி கட்டினேன். போர் தண்ணீரில் அழுக்கு போகக் கழுவி, கடைசியாக ஒரு வாளி மழைத்தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றினால் போதும். மழைத்தண்ணீருக்கு விட்டுப்போக எதுவும் இல்லை. அது காய்ந்தால் காய்ந்ததுதான்.

அந்த ஐந்து வாரம் காரில் ஒரு புள்ளி இல்லை. கார் ஒரு கிணற்றைப்போல இருண்டு பளபளத்தது. கையும் இல்லை. வண்டியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு திருநின்றவூர் உறவினர் வீட்டுக்குப் போய்வந்தோம். தடுப்பூசிக்குப் போய்வந்தோம். நான் இடது பக்கம் உட்காரவில்லை, அவ்வளவுதான். கணவர் அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்.

"இவ வண்டி கழுவறதப் பாத்தா கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் வண்டிங்களுக்கே இவள ஆளாப் போட்டுருவாங்க."

"போட்டா எனக்கும் சொல்லு நைனா," என்றார் அக்கா. "நான் வேட்டி கிழிச்சிக் குடுக்கறேன்."

மார்கழி பிறந்தது. அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம், கோலம் போட வாசலுக்கு வந்தேன். பனி இறங்கியிருந்தது. எதிர்மனைக் கற்கள்கூடத் தெரியவில்லை. காரின் கண்ணாடிகள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தன.

இடது பின்கண்ணாடியில் கை இருந்தது.

பனியிலும் அந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. முந்தைய நாள் மழைத்தண்ணீர் ஊற்றி, இரண்டு துணியால் துடைத்த கண்ணாடி. புள்ளி இல்லை, உப்பு இல்லை. ஆனாலும் கை இருந்தது. அதைச் சுற்றி மங்கலாக இன்னும் சில கைகள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே இடத்தைப் பலமுறை தட்டியதுபோல. வாரா வாரம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் தடுத்தது என் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான்.

கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய், மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த புதன்கிழமை பிற்பகலில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கணவர் வீட்டில்தான் இருந்தார். சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏறு."

"ஆட்டோல போலாங்க."

"வண்டிய நிறுத்தி வெச்சிக்கினு ஆட்டோவா? இன்னா பேசற நீ?"

"அந்த வண்டி வேணாம். தயவுசெஞ்சி வேணாம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நெடுஞ்சாலை முனையில் நாற்பது நிமிடம் நின்றேன். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. பின்னாலேயே காரில் வந்து கூப்பிட்ட கணவரிடம் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே நின்றேன். தோளில் அவள் சூடு என் ரவிக்கையைத் தாண்டி இறங்கியது. பிறகு அவள் உடம்பு ஒரு முறை விறைத்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், கண் மேலே செருகியிருந்தது.

கணவர் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தார். இடது பின்கதவு. எதுவும் யோசிக்காமல் ஏறினேன். ஏறிய பிறகு யோசித்தேன். வழி முழுக்க அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில், கை இருக்கும் இடத்தின்மேல் என் உள்ளங்கையை அழுத்தி மூடிக்கொண்டே போனேன். வெளியிலிருந்து அது பார்க்கக்கூடாது என்று மூடினேனா, மகள் அதைப் பார்க்கக்கூடாது என்று மூடினேனா, தெரியவில்லை.

காய்ச்சலில் வரும் வலிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா இது வராமயே கூடப் போயிருக்கும்," என்று எழுதிக்கொண்டே சொன்னார். கணவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் அதிலிருந்து தவறான பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் நிறுத்தியது என் பயம். ஆனால் அப்போது எனக்குப் பட்டது வேறு. சனிக்கிழமை கை தெரிந்தது, புதன்கிழமை குழந்தைக்கு இப்படி ஆனது. வண்டியை விற்றாலொழிய அவளைக் குளிப்பாட்டக்கூட மாட்டேன் என்று சொன்னேன். சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கணவர் புரோக்கருக்குப் போன் செய்தார்.

"மார்கழில எவன் சார் வண்டி வாங்குவான்," என்றானாம் புரோக்கர். ஆனால் ஆள் கிடைத்தார்கள். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுக்கு மார்கழி ஒரு தடையில்லை. கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"வண்டி புதுசாட்டம் இருக்குதே. எப்படிக்கா வெச்சிக்கினு இருக்கீங்க?"

"மழைத்தண்ணில அலசணும்," என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று அன்று முழுவதும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வயிறு லேசாகத் தெரிந்தது.

கார் போன பிறகு வீட்டின் முன்னால் எண்ணெய்க் கறையோடு ஒரு காலி இடம். எனக்குத் தூக்கம் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு.

போகிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வீடு கழுவினேன். மகளுக்கு எண்ணெய் தேய்த்து, துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல்பக்க ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தேன். மழைத்தண்ணீர் தீர்ந்திருந்தது. ஜன்னல்தானே என்று துடைக்கவும் இல்லை. மதியம் கூடத்தில் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன்.

ஜன்னலில் கை இருந்தது.

வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில், வெயில் அதன் வழியாக மட்டும் தெளிவாக உள்ளே விழுந்தது. கூடத்தின் தரையில், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், விரல்களோடு ஒரு சின்ன வெளிச்சம்.

காரோடு போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மகள்தான் அசைந்தாள். தரையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், தவழ்ந்து போனாள், அதன்மேல் தன் கையை வைத்தாள். வெளிச்சம் அவள் புறங்கையில் ஏறியது. விரலுக்கு விரல்.

எழுந்தேன். அவளைத் தூக்கி வழக்கம்போல இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். காலையில் நின்ற இடத்தில் நின்றேன். குழாயைத் திறப்பதுபோல வலப்பக்கம் குனிந்தேன். நான் குனிந்ததும் அவள் உடல் இடப்பக்கம் சாய்ந்தது. விழாமல் இருக்க அவள் கையை நீட்டிக் கண்ணாடியில் ஊன்றினாள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத இடத்தில் உப்பு படியாது. எண்ணெய் ஒட்டிய கண்ணாடியில் பனியும் மற்ற இடத்தைப்போலப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை, ஏனென்றால் எண்ணெய் வெள்ளிக்கிழமை. இடது பின்கண்ணாடி, ஏனென்றால் குழாய் அங்கே. உயரம் அவளுடையதல்ல, என் இடுப்பிலிருந்து அவள் கை எட்டும் உயரம். அளக்காமல் விட்டேன், அதனால் தெரியவில்லை. அக்கா என்ன சொல்வார் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக் கண்ணாடியிலிருந்த கையோடு பொருத்தினேன். சரியாக இருந்தது. பொருத்தியபோதுகூட, இதனால் அவள் வளராமல் போய்விட்டால் என்று ஒரு கணம் நினைத்தேன்.

கணவரிடம் அன்று மாலை சொன்னேன். வெகுநேரம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவளைத் தூக்கி அவள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "வண்டி போச்சே," என்றார்.

தை பிறந்து மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, ஒரு வெள்ளிக்கிழமை காலை. மகள் எண்ணெயில் ஊறிக்கொண்டு என் புடவையைப் பிடித்து நின்றாள். புதிதாக நிற்க ஆரம்பித்திருந்தாள். கணவரின் செல்போன் அடித்தது. அவர் கடைக்குப் போயிருந்தார், நான் எடுத்தேன்.

"கும்மிடிப்பூண்டி அக்காவா? நா பழவேற்காட்லேர்ந்து பேசறேன். உங்க காரு வாங்கினோமே."

"சொல்லும்மா. வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது. அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல." நிறுத்தினார். பின்னணியில் பாத்திரம் உருட்டும் சத்தம். அவர் அங்கிருந்து தள்ளிப்போய்ப் பேசுவது தெரிந்தது. "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஊட்ல அவுரு இன்னும் நாஷ்டா சாப்ட்டுக்கினு இருக்காரு, அவுருக்குத் தெரியாமத்தான் கேக்கறேன்."

அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்து நான் கேட்ட வாக்கியம்.

"உங்க ஊட்ல கொழந்த ஏதாச்சும்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

"இருக்காம்மா," என்றேன். "பொண்ணு. நல்லா இருக்கா. இதோ, பக்கத்துலதான் நிக்கறா. பனியில கண்ணாடில கை தெரியுதா?"

"உங்களுக்குத் தெரியுமா?" குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ஏழாவது மாசங்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்னுதான் வண்டியே வாங்கனாரு. நா ஏற மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்கேன். எதுக்குன்னு அவுருகிட்ட சொல்ல முடியல."

சொன்னேன். எண்ணெய், இடுப்பு, குழாய், போர் தண்ணீர், எல்லாவற்றையும். இரண்டு முறை சொன்னேன். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த வயதானவரிடம் நான் பேசியபோது அவருக்கும் என் மூச்சு இப்படித்தான் கேட்டிருக்கும். அவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது.

"அவ சத்தத்த ஒரு வாட்டி கேக்கலாமாக்கா?"

போனைக் குனிந்து மகளின் வாயருகே வைத்தேன். அவள் அதைக் கடிக்கப் பார்த்தாள். பிறகு "த்தா," என்றாள். அங்கே அந்தப் பெண் மெதுவாகச் சிரித்தார், அழுகையிலிருந்து வெளியே வருபவர்கள் சிரிப்பதுபோல.

"கண்ணாடிய எப்படித் தொடைக்கிறது? எத்தினி வாட்டி தொடச்சாலும் பனில வந்துருது."

"சோப்புத் தண்ணி போட்டு மொதல்ல எண்ணெயப் போக்கணும். அப்பறம் வினிகர் பாதி, தண்ணி பாதி கலந்து துணியில நனைச்சிக் கண்ணாடி மேல போட்டு வைங்க. பத்து நிமிஷம். பெயிண்ட்ல படக்கூடாது. அப்பறம் தேய்ச்சி, நல்ல தண்ணில அலசி, ஒடனே தொடச்சிருங்க. தானா காய உடாதீங்க."

"செரிக்கா. நா இப்பவே போயி..."

மகளின் கை என் கையில் இருந்தது. எண்ணெயில் வழுவழுவென்று, ஐந்து விரல்களோடு. அந்த விரல்களை ஒருவர் வினிகரில் நனைத்த துணியால் மூடித் தேய்ப்பதை நினைத்தேன். கண்ணாடிதான், எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். செந்நிறம் ஏன் நீலமாகிறது என்பதுகூடத் தெரியும்.

"இன்னிக்கு வேணாம்மா," என்றேன். "இன்னிக்கு வெள்ளிக்கெழம."

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"எங்களுக்கும் வெள்ளிக்கெழமதாங்க்கா," என்றார். "நாளைக்கே தொடைக்கறேன்."